கொழுந்தியாளுக்குக் கொடுத்த அகப்பை

யார் வீட்டுத் தொட்டி அடைத்துக்கொண்டாலும் முதலில் நினைவுக்கு வருகிறவர் பைப்புக்காரர். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் முதலில் மறந்துபோகிறவரும் அவர்தான். இருபத்தெட்டு வருடத் தொழில். எந்த வீட்டில் பொரித்த எண்ணெயை அப்படியே தொட்டியில் கவிழ்க்கிறார்கள், எந்த வீட்டில் கொத்துக் கொத்தாகத் தலைமுடி கொட்டுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாசலில் சென்ட் மணக்கும். குழாயைக் கழற்றினால் குடலைப் பிடுங்கும்.

“ஒருத்தரப் பத்தித் தெரிஞ்சுக்க மூஞ்சியப் பாத்தா போதாது, அவங்க வீட்டுக் குழாயக் கழட்டிப் பாக்கணும்” என்பார்.

இத்தனை வருடம் ஆகியும் அவருக்கு அருவருப்பு மட்டும் மரத்துப்போகவில்லை. வீடு திரும்பியதும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார். அப்படியும் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார்; கரண்டிதான். தையல் கம்பெனிக்குப் போகும் அவர் மனைவி, “சாப்பிடப் போறீங்களா, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

மரம் செதுக்கும் கிறுக்கு ஒரு மதியவேளையில் பிடித்தது. ஒரு வீட்டில் மேல்தொட்டி காலியாகட்டும் என்று காத்திருந்தார். கீழே வெட்டிப் போட்ட கொய்யாக் கிளை கிடந்தது. மடக்குக் கத்தியால் சும்மா சீவினார். பட்டைக்கு அடியில் ஈரமும் வெளுப்புமாக மரம் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனார். காலையிலிருந்து மோந்த எதனோடும் அதற்குச் சம்பந்தமே இல்லை.

முதல் கரண்டி பிளந்தது. இரண்டாவதில் குழியைத் தோண்டித் தோண்டி ஓட்டையே போட்டுவிட்டார். மூன்றாவது, இடது கட்டைவிரலில் நான்கு தையல். பட்ட பிறகுதான் புத்தி வந்தது. காய்ந்த கட்டையோடு மல்லுக்கட்டக் கூடாது. பச்சையாகச் செதுக்கி, செய்தித்தாளில் சுற்றி, நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும். குழியை முதலில் தோண்டிவிட்டுத்தான் வெளிப்பக்கத்தை மெலிதாக்க வேண்டும். நார் ஓடும் போக்கில் கத்தி போனால் வெண்ணெய். எதிர்த்துப் போனால் விறகு. கையை வெட்டுவது பெரும்பாலும் மொட்டைக் கத்திதான், ஏனென்றால் அதைத்தான் மூச்சுப் பிடித்து அழுத்த வேண்டியிருக்கிறது. ஒரு பழைய பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, நாலு சீவலுக்கு ஒரு தடவை அதில் கத்தியைத் தீட்டிக்கொள்வார்.

அவருடைய கொழுந்தியாள், அதாவது மனைவியின் தங்கை, புது வீட்டுக்குக் குடிபோனபோது ஓர் அகப்பை கேட்டாள். நீளமான காம்பு வேண்டும், அடுப்பங்கரைச் சுவரில் தொங்கவிட்டு அதையே புழங்குவேன் என்றாள். ஆறு வாரம் உட்கார்ந்தார். காம்பின் நுனியில் ஓர் இலை, அதில் நரம்பு நரம்பாகக் கோடு. உப்புத்தாள் போடாமல் கத்தித் தழும்பு தெரியும்படியே முடித்து, ஆளிவிதை எண்ணெய் தேய்த்துக் கொடுத்தார்.

“அய்யோ மாமா, கடையில வாங்குன மாதிரியே இருக்கு!” என்றாள் அவள். அதைக்கூடப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து அவள் வீட்டுச் சமையல் தொட்டி அடைத்துக்கொண்டது. போனார். வளைவுக் குழாயைக் கழற்றினால் சோப்புக்கட்டி பருமனில் உறைந்த கொழுப்பு. அதில் டீத்தூளும் முடியும். மூச்சை அடக்கிக்கொண்டு வழித்துப் போட்டார். கை கழுவக் குளியலறைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கக்கூஸ் பீங்கானுக்குப் பக்கத்தில், கறுப்பு ஆசிட் டப்பாவுக்குள், அந்த அகப்பை. இலை நரம்பெல்லாம் அரித்துப்போயிருந்தது. குழியில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

“இது என்னம்மா இங்க?”

கொழுந்தியாளுக்கு முகம் சுண்டிவிட்டது. “காம்பு நீளமா இருந்துச்சு, ஆசிட் ஊத்தித் தேய்க்க வசதியா… தப்பா நெனைக்காதீங்க மாமா. சமைக்கத்தான் எடுத்தேன். ஆனா உங்க கை நாளெல்லாம் எங்கெங்கயோ போயிட்டு வர்ற கை. அந்த நெனப்பு வந்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

அவர் வெளியே வந்து, வழித்துப் போட்ட கொழுப்பைக் காட்டினார். “இது யாரு கை போட்டதும்மா? சட்டியில இருக்கிறதுதான் அகப்பையில வரும்னு சொல்லுவாங்க. உங்க வீட்டுச் சட்டியில என்ன இருக்குன்னு பாத்துட்டேன்.” குழாயை மாட்டி, ஒழுகாமல் இறுக்கிவிட்டுத்தான் கிளம்பினார். அகப்பையைத் தொடவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி தங்கையைப் பத்து நிமிடம் திட்டித் தீர்த்தாள். பிறகு நிதானமாக, “அவ ஒரு நாள் சொன்னத நீங்க தெனமும் உங்க கைக்குச் சொல்லிட்டுதான இருக்கீங்க?” என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. அன்றைக்குக் கையால் பிசைந்து நாலு வாய் தின்றார். ஐந்தாவதுக்குக் கரண்டியைத் தேடினார். கொழுந்தியாள்மேல் வந்த அருவருப்பு இப்போது அவர்மேலேயே வந்து விழுந்தது.

அடுத்த அடைப்புக்குச் சகலை போன் செய்தார். “வேற ஆளக் கூப்பிட்டுக்கங்க சகலை, எனக்கு ஒத்துக்காது” என்று வைத்துவிட்டார். வந்த வேற்றாள் குழாயை உடைத்து, தரையையே பெயர்க்கும்படி ஆயிற்றாம். மனைவி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சந்தோஷமாக இருக்கும் என்றுதான் அவரும் நினைத்தார். வாய் கசந்ததுதான் மிச்சம்.

அதன்பின் யாருக்கும் எதுவும் செதுக்கிக் கொடுக்கவில்லை. கூட வேலை பார்க்கும் கொத்தனார் மட்டும் விடாமல் நச்சரித்தார்.

“எதுக்குய்யா உனக்கு?”

“கரண்டி எதுக்கு? திங்கத்தான். காது குடையவா?”

ஒரு மாதம் இழுத்தடித்து, ஒன்றைச் செய்து கொடுத்தார். கொடுத்த கையோடு நகரவும் இல்லை. செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து, போலீஸ்காரர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் சிமெண்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, அள்ளி வாயில் போட்டு, சப்புக் கொட்டி, கரண்டியின் பின்பக்கத்தையும் ஒரு நக்கு நக்கினார்.

“சீ! வாய மூடித் தின்னுய்யா, பாக்கவே சகிக்கல” என்றார் பைப்புக்காரர். ஆனால் கொத்தனார் தின்று முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை.