பிளாட்பாரப் பிள்ளைக்கு ஒரு விலாசம்

வயிற்றெரிச்சலோடுதான் இந்தச் சாட்சியைத் தொடங்குகிறேன். ஆண்டவர் பொறுத்துக்கொள்வார்.

நான் ராயபுரம் பிளாட்பாரத்தில் பிறந்து வளர்ந்தவள். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறேன். பக்கத்துத் தார்ப்பாயில் இருந்தவள் இறந்ததும், அவள் மகளை நான் வைத்துக்கொண்டேன். பெயர் சொல்ல மாட்டேன், பாப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயிடமிருந்து அவளுக்கும் எச்.ஐ.வி. வந்திருந்தது. சென்ற தவக்காலத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகத் துவண்டுபோனாள்.

மருந்து இலவசம்தான். ஆனால் மருத்துவமனையில் விலாசம் கேட்டார்கள். பிளாட்பாரம் என்றேன்.

"அதெல்லாம் விலாசம் இல்லம்மா. வீடு இருக்கற ஆளு யாராவது பொறுப்பேத்து கையெழுத்து போடணும். நாளைக்கு நீ எங்க இருப்பியோ!"

எங்கே இருப்பேன்? பிறந்ததிலிருந்து அதே இடத்தில்தான் கிடக்கிறேன். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் என் இடம் சரியாகத் தெரிகிறதே!

திரும்பி வரும்போது பாப்பா கேட்டாள்: "அத்தே, நாம வூடு கட்னதுக்கு அப்பால மருந்து தருவாங்களா?"

நேரே கோயில் வாசலில் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் போய் மாதாவோடு சண்டையே போட்டேன். "உன் புள்ளைய பெக்க உனக்கு மட்டும் சத்திரத்துல எடம் குடுத்தாங்களா? நீயே கம்முனு கீறியே!"

ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கும் நேரம். யாரையும் கேட்காமல் மைக் முன்னால் போய் நின்றேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. "ஆண்டவரே, மருந்து வாங்க ஒரு பிள்ளைக்கு விலாசம் கொடும்" என்றேன். கோயிலே வழக்கம்போல் முழங்கியது: "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

"அவருக்குக் கேட்டுடுச்சு. உங்களுக்குக் கேட்டுச்சா?"

அது என் கோபமா, பரிசுத்த ஆவியா, தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது.

பூசை முடிந்ததும் ரெஜினா அக்கா வந்தார். மீன் நாற்றம் என்று என் பக்கத்தில் உட்காராமல் பெஞ்சு மாறுகிறவர். "என் வூட்டு விலாசம் குடு. நானே வந்து கையெழுத்து போடறேன்" என்றார்.

மறுநாள் மருத்துவமனை வாசலில் அவருக்கு மட்டும் கேட்கும்படி நோயைச் சொன்னேன். மறைத்துக் கூட்டிப்போக மனசு வரவில்லை. பிடித்திருந்த பாப்பாவின் கையை விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ, "அதுக்கின்னா இப்போ? உள்ள வா, கூட்டம் சேந்துடும்" என்று அவள் கையைப் பிடித்தபடியே நடந்தார்.

பாப்பா இப்போது மாத்திரை தவறுவதில்லை. பள்ளிக்கூடம் போகிறாள். ஆண்டவருக்குக் கோடி நன்றி. முன்பெல்லாம் தலைகுனிந்து முணுமுணுப்பேன், இப்போது வாய்விட்டு ஜெபிக்கிறேன். ஆனாலும் கோபம் ஆறவில்லை. ரெஜினா அக்கா கிடைக்காத பிள்ளைகள் இன்னும் தெருவில் கிடக்கிறார்கள்.

அன்பானவர்களே, நம்பி மன்றாடுங்கள், அவர் கேட்பார். "கேட்டருளும்" என்று சொல்லும்போது மட்டும் உங்கள் வீட்டு விலாசத்தையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.