பாலில் கலந்த காய்

கரண்டியம்மா ஒரு தையல்காரிக்குப் பதினெட்டாயிரத்து நானூறு கடன்பட்டிருந்தாள். கைநீட்டி வாங்கிய கடன் அல்ல. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. பணம் வரவேண்டிய தையல்காரிக்கே முதலில் விஷயம் தெரியாது. ஆனாலும் கடன் கடன்தான். ஒரு இரண்டு வயதுக் குழந்தையின் வயிற்றுக்குள் நாலு வாய் காய்கறியை அனுப்பப் போய் வந்த கடன் அது.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இப்படி ஒருத்தி லேசில் கிடைக்க மாட்டாள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள். பதினோரு வயதில் ஒரு ஹோட்டலின் பின்கட்டில் எச்சில் தட்டுக் கழுவ உட்கார்ந்தாள். பதினைந்தில் வெங்காயம் உரித்தாள். இருபதில், சரக்கு மாஸ்டர் குடித்துவிட்டு விழுந்து கிடந்த ஒரு நாள், யாரையும் கேட்காமல் கரண்டியைக் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை. கட்டியவன் பாதியிலேயே போய்ச் சேர்ந்தான். அதற்கும் அவள் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. சொந்தக் காசில் ஒரு அறை கட்டினாள், கூரை போட்டாள், கதவில் பெரிய பூட்டு ஒன்றையும் தொங்கவிட்டாள். உள்ளே திருட ஒன்றும் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தபோது, "பூட்டே ஆயிரத்து இருநூறுடி, அதைத் திருடட்டும்" என்றாள்.

ஐம்பத்தெட்டு வயதில்தான் குழந்தைகள் காப்பகத்துக்கு வந்தாள். துணித் தொழிற்சாலைக்குப் பின்னால் மூன்று அறை. தையல் மிஷினில் உட்காரும் பெண்கள் காலை எட்டு மணிக்குக் குழந்தையை விட்டுவிட்டு ஓடுவார்கள். ஒன்றிலிருந்து மூன்று வயது வரைக்கும் பத்தொன்பது குழந்தைகள். முழங்கால் உயரத்தில் கை கழுவும் தொட்டி. சுவரில் பத்தொன்பது ஆணி, ஆணிக்கு ஒரு பை, பைக்குள் அவரவர் குவளை. நடத்துகிறவளை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சரியாக ஒரு மணிக்குச் சாப்பிட்டு முடித்த தட்டுகளையும் குவளைகளையும் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து, அம்மாக்களின் போனுக்கு அனுப்பிவிடுவாள். காலித் தட்டைப் பார்த்தால்தான் அந்தப் பெண்களுக்குத் தங்கள் வாயில் சோறு இறங்கும். தட்டில் மீதி இருந்தால் அன்றைக்குச் சமையல்காரிக்குத்தான் பூசை.

கரண்டியம்மா வருவதற்கு முன் அந்தப் படத்தில் பாதித் தட்டு நிறைந்தே இருந்தது. அவள் வந்த இரண்டு மாதத்தில் பத்தொன்பதில் பதினெட்டு காலி. மந்திரம் ஒன்றும் இல்லை. பசி உச்சத்தில் இருக்கும்போது, சோறு வருவதற்குக் கால் மணி முன்பாகவே, வெந்த பீன்ஸை மட்டும் தட்டில் வைப்பாள். விரல் பட்டால் நசுங்கும் பதம், ஆனால் கையில் பிடித்தால் உடையாத பதம். அந்தப் பதம் எத்தனை பேருக்குக் கைவரும்? கேரட்டைக் குழந்தைகள் கையாலேயே பானையில் போட வைப்பாள். தான் போட்டதைத் தானே தேடித் தின்னும் புத்தி குழந்தைக்கு உண்டு. பூசணித் துண்டு ஒன்றை எடுத்து, "இது எனக்கு, யாருக்கும் கிடையாது" என்று வாயில் போட்டு மெல்லுவாள். ஐந்தாறு கை நீளும்.

"அக்கா, உங்க கையில என்னதான் இருக்கு?" என்பாள் ஆயா.

"அஞ்சு விரல்தான்டி இருக்கு. என் கையில தின்னாத வாயை இனிமேதான் பெத்துப் போடணும்."

அந்த வாய் ஏற்கெனவே பிறந்து, மூலையில் நீலப் பாயில் உட்கார்ந்திருந்தது.

முன்பற்கள் இரண்டும் எடுப்பாக இருந்ததால் எல்லோரும் அவளை முயல் என்றார்கள். கேரட்டைக் கண்டால் ஓடும் முயல் என்று ஆயாவுக்கு அது ஒரு தீராத சிரிப்பு. இரண்டு வயதும் மூன்று மாதமும். பால், வெறும் சோறு, இரண்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் உணவு என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. உதட்டை உள்ளே மடக்கிக் கொண்டால் கடப்பாறை போட்டாலும் திறக்காது. அவளுடைய அம்மாதான் அந்தத் தையல்காரி. காலர் தைக்கும் வரிசையில் வேலை. புருஷன் வெளியூரில் லாரி ஓட்டினான்.

ஒரு நாள் அவள் ஆஸ்பத்திரிச் சீட்டுடன் வந்தாள். "பெரியம்மா, ரத்தம் ரொம்பக் கம்மியாம். பால் மட்டும் குடிச்சா ஏறாதாம். காய், கீரை எல்லாம் உள்ள போகணுமாம். மருந்து குடுத்தா துப்புறா. எப்படியாவது ரெண்டு வாய்..."

"ஒரு வாரம் டைம் குடு. உன் பொண்ணு பூசணிக்காயை முழுசா முழுங்குறாளா இல்லையா பாரு."

"நிஜமாவா பெரியம்மா?"

"நான் சொல்லி எது நடக்கல?"

பீன்ஸ் வைத்தாள், முயல் தட்டைத் தள்ளினாள். பானையில் போடச் சொன்னாள், போட்டாள், தின்னவில்லை. கேரட்டை நட்சத்திரமாக வெட்டினாள். நட்சத்திரத்தைப் பாயின் கீழே ஒளித்து வைத்தாள் முயல். நாலு நாள், ஐந்து நாள். ஆறாம் நாள் மாலை, குழந்தையை அழைக்க வந்த தையல்காரி வாயைத் திறந்து கேட்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வை கரண்டியம்மாவுக்குச் சுருக்கென்றது. 'இன்னும் பொறு' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மாதக்கணக்கில் ஒரு துண்டை வைத்துக்கொண்டே இருந்தால்தான் சில குழந்தைகள் தொடும் என்று, முப்பது வருஷத்துக்கு மேல் சமைத்தவளுக்குத் தெரியாதா? தெரியும். சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

மறுநாள் காலை காலிஃபிளவர் வாங்கி வந்தாள். குழைய வேகவைத்து, அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினாள். வெள்ளைக்குள் வெள்ளை. பாலில் கலந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் சர்க்கரை. முயலின் மஞ்சள் குவளையில் ஊற்றிக் கொடுத்தாள். முயல் ஒரு மிடறு குடித்தாள், நிறுத்தினாள், குவளைக்குள் பார்த்தாள். பிறகு குடித்து முடித்தாள்.

மூன்று நாள் இப்படியே நடந்தது. "உன் பொண்ணு காய் சாப்பிட்டா" என்று மூன்று மாலையும் சொன்னாள். எப்படி என்று சொல்லவில்லை. தொழில் ரகசியம். தையல்காரி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக் கொண்டாள். கரண்டியம்மா அன்று தெருவில் நடந்தபோது தரையில் கால் பாவவில்லை.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. இரண்டு பங்கு போட்டால் இரண்டு மடங்கு ரத்தம் என்று கணக்குப் போட்டாள். அரைத்தது அதிகம், நேரமோ பன்னிரண்டே முக்கால், மேடம் போனைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டாள். வடிகட்டும் துணி துவைத்துக் கொடியில் கிடந்தது. போய் எடுக்கச் சோம்பல் இல்லை, நேரம் இல்லை. அப்படியே கலந்தாள்.

இரண்டாவது மிடறில் முயலின் முகம் மாறியது. நாக்கில் ஏதோ கட்டி. துப்பப் பார்த்தாள்.

"முழுங்கு கண்ணு. ஒரே மடக்கு. முழுங்கிடு."

ஒரு கை குழந்தையின் பின்மண்டையில். மறு கை குவளையை உதட்டோடு அழுத்தியது. பலமாக அழுத்தவில்லை என்று பிறகு ஆயிரம் தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். குழந்தைக்குப் புரையேறிப் பால் மூக்கால் வந்தது. கண் மேலே செருகியது. ஆயா பாய்ந்து வந்து தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். பிறகு ஒரு அழுகை. அந்த மாதிரி அழுகையை அந்த அறை அதுவரை கேட்டதில்லை.

"என்ன அங்க? குவளை காலியா?" என்றாள் மேடம் வாசலிலிருந்து.

கரண்டியம்மா மீதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, குவளையை வரிசையில் வைத்தாள். படம் போயிற்று.

அன்று இரவு வீட்டில் முயல் பால் குடிக்கவில்லை. மஞ்சள் குவளையைக் கண்டதும் நடுங்கினாள். அம்மா வேறு டம்ளரில் கொடுத்தாள். பால் என்பதே ஆகாது என்று ஆகிவிட்டது. சோறும் வெள்ளை. அதுவும் வேண்டாம். தண்ணீருக்கும் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை நல்ல வெயில். ஞாயிறு மதியம் உதடு வெடித்து, கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வராத நிலைமையில் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வழியில் காலர் வரிசை மேஸ்திரி வீட்டில் ஏறி, வட்டிக்குப் பணம் வாங்கிக் கொண்டாள்.

திங்கட்கிழமை காப்பகத்தில் மேடம் கதவைச் சாத்திவிட்டுக் கரண்டியம்மாவிடமும் ஆயாவிடமும் பேசினாள். "யாராவது கேட்டா குழந்தைக்குக் காய்ச்சல்னு சொல்லணும். உங்களுக்கும் அதான், எனக்கும் அதான். புரியுதா?"

ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள் கரண்டியம்மா. வார்டு வாசலில் கூட்டம். உள்ளே முயலின் மூக்கில் குழாய் சொருகியிருந்தது. அதைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அம்மா அருகில் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

டாக்டர் தையல்காரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பாலில என்னம்மா கலந்தே?"

"ஒண்ணும் கலக்கல சார்."

"கலக்காமலா குழந்தை குவளையைப் பார்த்தா இப்படி வெடவெடன்னு ஆடுது?"

பக்கத்தில் நின்ற நாத்தனார் விடவில்லை. "தூங்க வைக்க ஏதாவது கலந்திருப்பா சார். மகாராணி ஓவர்டைம் பார்க்கணும்ல. எங்க தம்பி வரட்டும், இருக்கு இவளுக்கு."

"அண்ணி, சத்தியமா நான்..."

"பேசாத. பெத்த வயிறாடி அது?"

டாக்டர் நர்சிடம், "அம்மாவை ஊட்ட விடாதீங்க. எல்லாம் குழாய் வழியாவே போகட்டும்" என்றார்.

கரண்டியம்மா ஆரஞ்சுப் பையைப் பெஞ்சு ஓரத்தில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். யாருக்கும் பயந்து நடந்ததில்லை அவள். அன்று யார் கண்ணிலும் படாமல் பின்படி வழியாக இறங்கிப் போனாள்.

செவ்வாய் முழுக்கச் சமைத்தாள். உப்பு இரண்டு தடவை விழுந்தது. குழந்தைகள் முகம் சுளித்தார்கள். ஆயா மெதுவாக, "அக்கா, அந்தப் பொண்ணை இன்னும் உள்ள விடலியாம். புருஷன் வந்து எல்லார் முன்னாடியும் அடிச்சானாம்" என்றாள். கரண்டியம்மா அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த பூசணி அப்படியே கிடக்க, முந்தானையில் கை துடைத்தபடி வெளியேறினாள்.

"நான்தான் சார் கலந்தேன்" என்றாள் வார்டுக்கு நடுவில் நின்று. "காலிஃபிளவர். வேகவச்சு அரைச்சது. கடைசி நாள் வடிகட்டல. குடிக்க மாட்டேன்னுச்சு, நான்தான் வாயில வச்சு அழுத்தினேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏம்மா இப்படிப் பண்ணினே?"

"ஒரு குழந்தை என் கையில தின்னலன்னு சொல்ல எனக்கு வாய் வரல சார்."

நாத்தனார் வாய்க்குள் ஈ போனது தெரியாமல் நின்றாள். புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கன்னம் வீங்கியிருந்த தையல்காரி எழுந்து, யாரையும் கேட்காமல் உள்ளே போய், குழந்தையின் கைக்கட்டை அவிழ்த்தாள். கரண்டியம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மொத்தம் ஏழு நாள். பில் பதினெட்டாயிரத்து நானூறு. நர்சிடம் கேட்டு அந்தத் தொகையை மனதில் எழுதிக்கொண்டாள். எழுதத் தெரியாதவளுக்கு மனதுதான் நோட்டு. மேடமோ, அவள் உண்மையைச் சொன்ன அன்றைக்கே கணக்கு முடித்து வெளியே தள்ளியிருந்தாள். சமையல்காரி குழந்தைக்கு என்னமோ கலந்துவிட்டாள் என்று ஊர் முழுக்கக் காதும் மூக்கும் வைத்துப் பேசிய பிறகு, எந்த அடுப்பு அவளை அண்டவிடும்? பேருந்து நிலையத்துக்கு எதிர் ஹோட்டலில், அறுபதை நெருங்கும் வயதில், எச்சில் தட்டுக் கழுவ உட்கார்ந்தாள். சோப்புத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் புண். பாதிச் சம்பளத்தில் வயிற்றைக் கழுவி, பாதியைச் சேர்த்தாள். பதினான்கு மாதம். இருநூறு முந்நூறாகக் கொண்டுபோய் நீட்ட அவளால் முடியாது. கொடுத்தால் முழுசாகக் கொடுப்பாள், தலை நிமிர்ந்து கொடுப்பாள்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணியில் முடிந்த பணத்தோடு தையல்காரியின் மாடி அறைக்குப் போனாள். பேசவேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். கதவு திறந்தது. உள்ளே ஒரு தையல் மிஷின், ஒரு பாய், மூலையில் மலைபோல் வெட்டுத் துணி. முயல் வளர்ந்திருந்தாள், ஆனால் கை கால் குச்சி. வாசலில் நின்ற முகத்தைப் பார்த்ததும் மிஷினுக்குப் பின்னால் போய்விட்டாள்.

தரையில் அவள் தட்டு. காய்ந்த ரொட்டித் துண்டு, அவித்த முட்டை, ஓரத்தில் கட்டை விரல் அளவு கேரட் ஒன்று. கரண்டியம்மாவின் கை தன்னால் நீண்டது, அதை ரொட்டிக்குள் மடித்துக் கொடுக்க.

"கை வைக்காதீங்க."

கை பின்வாங்கியது.

"அது அங்கேயே இருக்கட்டும். தின்னுன்னு சொல்றதில்ல. நான் என் தட்டுல வச்சுத் தின்னுவேன், அவ பார்ப்பா. டாக்டர் அப்படித்தான் சொன்னாரு. எட்டு மாசமா வைக்கிறேன். முந்தாநாள் ஒரு தடவை நக்கிப் பார்த்தா."

"பால்?"

"பேரைச் சொன்னாலே வாந்தி. ரத்தத்துக்கு மாசம் ஒரு ஊசி."

கரண்டியம்மா முடிச்சை நீட்டினாள். "பதினெட்டாயிரத்து நானூறு. ஒரு காசு குறையாது. மொத்தமா தரணும்னுதான்..."

"மொத்தமா?" தையல்காரி சிரிக்கவில்லை. "மாசாமாசம் ஆயிரம் குடுத்திருந்தா வட்டியாவது குறைஞ்சிருக்கும் பெரியம்மா. வட்டி மட்டுமே ஏழாயிரம் கட்டிட்டேன். ராத்திரி பகலா இந்த மிஷினை மிதிச்சுக் கட்டினேன். உங்களுக்கு மொத்தமா குடுத்தாதானே பெருமை."

கரண்டியம்மா முடிச்சை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

தையல்காரி முடிச்சை வாங்கவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "எண்ணிக் குடுங்க."

கரண்டியம்மா முடிச்சை அவிழ்த்தாள். புண் ஆறாத விரல்கள் நோட்டில் ஒட்டின. ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். பதினெட்டாயிரத்து நானூறு முடிந்தது. தையல்காரியின் கை மூடவில்லை. வட்டி இருந்தது. இடுப்புப் பையைத் திறந்து, மாதக் கடைசி வரை சாப்பாட்டுக்கென்று வைத்திருந்ததை வெளியே எடுத்தாள். ஐந்நூறு. நூறு. நூறு. ஐம்பது. பிறகு சில்லறையையும் எண்ணி, அந்தக் கையில் வைத்தாள்.