நஜீர் பாயின் மன்னிப்புப் பட்டியல்

முப்பத்தோரு வருஷம் ஜாக்கெட் தைத்த ஒருவர், அதில் ஒன்றுகூடக் கெட்டுப்போனதில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பூந்தமல்லி நஜீர் பாய் நம்பினார். ஜோயா லேடீஸ் டெய்லர் என்ற தன் கடைக்குள் நின்றுகொண்டு, நம்பியதோடு நிற்காமல் மற்றவர்களையும் நம்ப வைத்தார்.

ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தால், "நீ எளைச்சிட்டம்மா" என்பார். மூச்சு முட்டினால், "துணி சுருங்கிடுச்சி, தண்ணியில நனைச்சுக் குடுத்திருக்கணும்" என்பார். இரண்டும் பொருந்தாத இடத்தில், "போட்டுப் போட்டுப் பழகிடும்." டேப்பைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு அவர் இதைச் சொல்லும்போது, வந்த பெண்களுக்குத் தங்கள் உடம்பின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். பதின்மூன்று வயதில் பட்டன் ஓட்டை தைக்கும் வேலைக்கு வந்தவர். இருபத்து மூன்றில் சொந்தக் கடை. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஒப்புக்கொள்வதில்தான் குறை.

அப்படிப்பட்டவர் ஐம்பத்து நாலு வயதில் மனைவி ஜுலைகாவோடு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகக் கிளம்பினார். வியாழக்கிழமை சாயந்திரம் விமானம்.

வீட்டைத் தயார் செய்வது ஜுலைகாவின் பொறுப்பு. அவர் பத்து நாளுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். ஃப்ரிட்ஜைக் காலி செய்தார். சிலிண்டரை மூடுவதற்கு ஒத்திகை பார்த்தார். எலுமிச்சை ஊறுகாயை மூன்று கவரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். எடை பார்க்கும் மிஷினில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானே ஏறி நின்றார்.

"இன்னா காட்டுது?" என்று நஜீர் குனிந்தார்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க. என் எடையக் கழிச்சிக்க எனக்குத் தெரியும்."

தன்னைத் தயார் செய்துகொள்வது நஜீரின் பொறுப்பு. அதுதான் கஷ்டமாக இருந்தது. பயணத்துக்கு முன் நடந்த வகுப்பில் பள்ளிவாசல் ஹஜ்ரத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: அல்லாவுக்குச் செய்த குற்றத்தை அல்லா மன்னிப்பான், மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். அதனால் கிளம்புவதற்கு முன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம்.

நஜீர் கோடு போட்ட நோட்டில் நாற்பத்து மூன்று பெயர்கள் எழுதினார். டிவிஎஸ் வண்டியில் ஏறி வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் ஒரே வசனம்: "தெரிஞ்சோ தெரியாமலோ எதுனா தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க." ஒரு வீட்டுக்கு நாலு நிமிஷம், டீ கொடுத்தால் ஏழு. மூன்று நாளில் நாற்பத்திரண்டு பெயரை அடித்தார்.

டீக்கடை வேம்புலி மட்டும் லேசில் விடவில்லை. "ஆமா பாய், அங்க ஆம்பளைங்க தைக்காத துணிதான் கட்டணுமாமே?"

"ஆமாப்பா. இஹ்ராம்னு பேரு. ரெண்டு வெள்ளத் துணி. ஒரு தையல் இருக்கக் கூடாது."

"அப்போ இத்தினி வருஷம் எங்க ஊட்டுக்காரிக்கு நீ தச்சுக் குடுத்ததுக்கு, தைக்காமலே குடுத்திருக்கலாம் மாமே. மன்னிச்சிட்டேன், போ."

பட்டியலில் மிச்சமிருந்தது பக்கத்து வீட்டு ராஜம்மா. அந்தப் பெயரை நஜீர் கடைசியாகத்தான் எழுதியிருந்தார். அதற்குக் காரணம் ஒரு ஜாக்கெட்.

ஆறு வருஷத்துக்கு முன் ராஜம்மாவின் மகள் சித்ராவுக்குக் கல்யாணம். முகூர்த்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தால் வலது கைப்பக்கம் ஒரு மாதிரி இழுத்தது. மறுநாள் காலையில் கல்யாணம். கடை நிறையப் பெண்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் இருந்தார். நஜீர் டேப்பை எடுத்து இரண்டு தோளையும் அளந்துவிட்டு, "ஜாக்கெட்ல ஒண்ணும் இல்ல. பொண்ணுக்கு எடது தோள் கொஞ்சம் எறக்கம்" என்றார்.

அன்று சாயந்திரம் வெட்டு மேஜைக்குக் கீழே கிடந்த துண்டுகளைக் கூட்டும்போதுதான் அவருக்குப் புரிந்தது. துணியைத் திருப்பிப் போடாமல் வெட்டியிருக்கிறார். இரண்டு கையுமே இடது கை. துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு, ஜுலைகாவிடம் மட்டும் சொன்னார். அடுத்த நாள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் வந்தார். அன்றிலிருந்து ராஜம்மா அவர் கடைப் படி ஏறவில்லை.

புதன்கிழமை சாயந்திரம் நஜீர் சொன்னார்: "ராஜம்மாவுக்கும் சொன்ன மாதிரிதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல மன்னிப்பு போட்டேனே, அது பாத்திருக்கு. பேரு வந்துச்சி."

"பாத்துட்டா மன்னிச்சிட்டாங்கன்னு அர்த்தமா?" என்றார் ஜுலைகா. "நடுவுல ஒரு செவுரு. அதத் தாண்டிப் போவ மாட்டேன்றீங்க, கடலத் தாண்டிப் போறேன்றீங்க."

நஜீர் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். ராஜம்மா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் துணி கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டைகளில் தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவருக்குச் சம்பளம்.

"தெரிஞ்சோ தெரியாமலோ எதுனா தப்பு..." என்று நஜீர் தொடங்கினார்.

"இன்னா தப்பு?"

"பொதுவா சொல்றேம்மா."

"எங்க கம்பெனியில ஒரு பீஸ ரிட்டன் அனுப்பினா இன்னா டிஃபெக்ட்டுன்னு எழுதணும் பாய். கை இழுக்குதா, காலர் கோணையா, பட்டன் இல்லியா. பொதுவான்னு எழுதினா சூப்பர்வைசர் என் சீட்டக் கிழிச்சிடுவாரு. இன்னா தப்புன்னு சொல்லு, மன்னிக்கிறேன்."

நஜீர் வாயைத் திறந்தார். முப்பத்தோரு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. "அந்தத் துணி அப்பவே கொஞ்சம்..." என்று ஆரம்பித்து, ராஜம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். வெங்காயக் கூடையோடு ராஜம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு நஜீர் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடவில்லை. இஹ்ராம் துணியைக் கட்டிப் பார்த்தார். அது இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. ஊருக்கெல்லாம் அளவெடுத்த மனிதருக்கு நாலு முழத் துணி பிடிபடவில்லை.

"நீயாச்சும் அவகிட்ட சொல்லேன்" என்றார் மனைவியிடம்.

"உங்க தப்ப நான் சொன்னா, எனக்குத்தான் மன்னிப்புக் கெடைக்கும். எனக்கு ஏற்கெனவே கெடைச்சாச்சி."

வியாழக்கிழமை. ஏர்போர்ட் போக மூன்றரைக்கு வேன் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை ஷிஃப்டுக்கு ராஜம்மா இருட்டோடு போய்விட்டிருந்தார். ஷிஃப்ட் முடிந்தால் குமணன்சாவடியில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு, வீடு சேர நாலு மணி ஆகும். இது தெருவுக்கே தெரியும். ஒரு மணியிலிருந்து நஜீர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் வந்து கட்டிப்பிடித்து, தங்களுக்காகவும் அங்கே துஆ கேட்டுப் பிரார்த்திக்கச் சொன்னார்கள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. இரண்டேகாலுக்கு வண்டிச் சாவியை எடுத்தார்.

"எங்க?" என்றார் ஜுலைகா.

"தோ வந்துடறேன்."

ஜுலைகா தடுக்கவில்லை. மூடியிருந்த சிலிண்டரை இன்னொரு தடவை மூடப் போனார்.

குமணன்சாவடி நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று இருந்தது. புதுச் சட்டை முதுகில் ஒட்டியது. கம்பெனி வேன் இரண்டே முக்காலுக்கு வந்தது. ராஜம்மா இறங்கினார். அவர் பின்னால், கூட வேலை செய்யும் பெண்கள் நாலு பேரும் இறங்கினார்கள். தனியாக இருப்பார் என்று நஜீர் நினைத்திருந்தார். பிறகு அவருக்கே தோன்றியது: அன்று கடையில் மட்டும் யாரைத் தள்ளிப் போகச் சொன்னோம்?

"ராஜம்மா, ஒரு நிமிஷம்" என்றார். "அந்த ஜாக்கெட்டு. ரெண்டு கையும் எடது கையா வெட்டிட்டேன். அன்னிக்கே தெரியும். உன் பொண்ணுக்குத் தோள்ல ஒரு கொறையும் இல்ல. நான் சொன்னது பொய்."

நாலு பெண்களும் நகராமல் நின்றார்கள்.

ராஜம்மா செல்போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நீட்டினார். "தோள் அவளுது. அவகிட்ட சொல்லு."

வானகரத்தில் இருந்த சித்ரா எடுத்தாள். நஜீர் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னார். இரண்டாவது தடவை கொஞ்சம் சுலபமாக இருந்தது. பிறகு போனைக் காதருகே கொண்டுபோனார்.

"சித்ரா? லைன்ல கீறியாம்மா?"

"பாய்," என்றாள் சித்ரா மெதுவாக, "ஆறு வருஷமா எவன் போட்டோ எடுத்தாலும் எடது தோளத் தூக்கிகினு நிக்கிறேன் பாய். என் மாமியாரு பின்னால நின்னு பாத்துகினே இருக்கும்."

நஜீருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மன்னிச்சிடும்மா."

"இப்போ எறக்கிடட்டுமா?"

"எறக்கிடும்மா. நல்லா எறக்கிடு."

முதலில் சிரித்தது சித்ராதான். பிறகு ராஜம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. "மன்னிச்சாச்சி பாய்," என்றாள் சித்ரா, "ஆனா என் மாமியாருக்கும் ஒரு போன் போட்டு இதச் சொல்லிட்டு ஃப்ளைட் ஏறு. நம்பர் அனுப்பறேன்." ராஜம்மா போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எனக்கும் மனசுல ஒண்ணும் இல்ல. பத்திரமா போய்ட்டு வா" என்றார்.

நஜீர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். வண்டியைத் திருப்பப் போனவரை, நின்றிருந்த நாலு பேரில் ஒருத்தி கைப்பிடியில் கை வைத்து நிறுத்தினாள்.

"பாய், என்னத் தெரிலயா? தாயம்மாள். போன பொங்கலுக்குத் தச்சியே, பச்ச ஜாக்கெட்டு. நான் பெருத்துட்டேன்னு சொன்ன. நானும் ஒரு வேளைச் சாப்பாட்ட நிறுத்திகினு கீறேன். நெசமாவே பெருத்தேனா?"

நஜீர் அவளைப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் இன்னும் நெருங்கி வந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஒவ்வொருத்தியிடமும் ஒரு ஜாக்கெட் இருக்கிறது.

சட்டைப் பையில் போன் அடித்தது. ஜுலைகா. "வேன் முன்னாடியே வந்து நிக்குது. எங்க கீறீங்க?"

நஜீர் வண்டியை ஸ்டாண்ட் போட்டார்.

"டிரைவர ஒரு டீ குடிக்கச் சொல்லு" என்றார். "இங்க இன்னும் நாலு பேரு கீறாங்க."