ஐயாவின் முறை வரும்போது

போன கிழமை எங்கள் வீட்டுக் கணினி தன்பாட்டில் அணையத் தொடங்கியது. நானே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய பெட்டி, மேசைக்குக் கீழே கிழட்டுப் பசுவைப்போலப் படுத்திருக்கும். என் கணவர் வழக்கம்போலச் சொன்னார்: "உந்தப் பெட்டியை எறிஞ்சுபோட்டு ஒரு லாப்டொப்பை வாங்குமன்." நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திருகாணிகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தேன். சூடான புழுதியின் மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. உங்களுக்கு அந்த மணம் தெரியுமோ தெரியாது. நெடுநாள் அலுமாரிக்குள் கிடந்த சேலையை அயன் பண்ணும்போது வருமே, ஏறக்குறைய அது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அன்றைக்கு வேலை நடக்கவில்லை.

அந்த மணத்தோடுதான் என் முதல் உத்தியோகம் தொடங்கியது. சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட, வெங்காய மூட்டைகள் இறக்குகிற ஒழுங்கையில் ஒரு சின்னக் கணினிக் கடை. சண்டை முடிந்து, கொழும்பிலிருந்து சாமான்கள் தடையில்லாமல் வரத் தொடங்கியிருந்த காலம். மதர்போர்ட் ஓரிடத்தில், புரொசெசர் இன்னோரிடத்தில் என்று தேடி வாங்கி நாங்களே பொருத்திக் கொடுப்போம். கடையில் நான் ஒருத்திதான் பெண். பெண்பிள்ளை என்றால் குசினி வரைக்கும் விடுவார்கள் என்று வீடுகளுக்குப் போய்த் திருத்தும் வேலையை முதலாளி என் தலையில் கட்டினார். அவர் நினைத்தது பொய்க்கவில்லை. போன வீடெல்லாம் தேத்தண்ணியும் வடையும். திருத்தினேனோ இல்லையோ, நன்றாகக் கொழுத்தேன்.

பெட்டியைத் திறந்தால் ஊரைச் சொல்லுவேன். எனக்கிருந்த வித்தை அது ஒன்றுதான். காங்கேசன்துறைப் பக்கத்துப் பெட்டி என்றால் உப்புக்காற்றில் திருகாணிகள் துருப்பிடித்திருக்கும். சுன்னாகத்தைச் சுற்றியுள்ள வீடுகள் என்றால் செம்மண். காற்றாடிக்குக் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கிடையில் அது அப்பிக் கிடக்கும், ஒரு மிளகாய்க் கன்று நடலாம். தகடு அடைபட்டால் சூடு வெளியேறாது. சூடு மிஞ்சினால் புரொசெசர் கருகிப்போகாமல் இருக்கக் கணினி தானே அணைந்துவிடும். அதனால் வாங்குகிற எல்லாரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: புழுதி படாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

பரமேசு அன்ரிக்கும் அதைத்தான் பாடிவிட்டு வந்தேன். சந்தைக்கு வடக்கே தோட்டக் காணியோடு இருந்த வீடு. அவருடைய மகன் குகன் நோர்வேயில். அவனை முகம் பார்த்துக் கதைக்கத்தான் கணினியே வாங்கினார்கள். அன்ரியின் கணவர் நடராசா ஐயா வெங்காயத் தோட்டம் செய்கிறவர். அவருக்கும் மகனுக்கும் பல வருடமாகக் கதையில்லை. கொழும்பில் ஒரு அலுவல் என்று சொல்லிவிட்டுப் போன குகன், அங்கிருந்தே வெளிநாடு போய்விட்டான். தாய்க்குத் தெரியும். தகப்பனுக்குச் சொல்லவில்லை. தொலைபேசியில் அவன் எடுத்தால் ஐயா எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார். முகத்தைக் கண்டால் மனம் இளகும் என்று அன்ரி நினைத்தார்.

இளகத்தான் செய்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே ஐயா சவரம் எடுத்து, குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து அறை வாசல் சீலைக்குப் பின்னால் நின்றாராம். சும்மா அந்தப் பக்கம் வந்தவர் மாதிரி ஒரு பாவனை. அன்ரி கதைத்து, குகனின் தங்கச்சி பள்ளிக்கூடப் புதினமெல்லாம் கொட்டி முடித்து, கதிரையை விட்டெழும்ப, ஐயா மெல்ல வந்து இருந்தார். மகன் நிமிர்ந்து பார்த்தான். அந்த இடத்தில் கணினி அணைந்துபோனது. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் ஐயாவின் முறை வரும்போதுதான் அணைந்தது.

நான் திரும்பத் திரும்பப் போனேன். புழுதியைத் துடைத்தேன், புரொசெசருக்கு மேலே சூட்டைக் கடத்துகிற பேஸ்ற் புதிதாகப் பூசினேன், காற்றாடியை மாற்றினேன். ஒன்றும் சரிவராமல், கூப்பிடு தூரத்தில் மின்நிலையத்தை வைத்துக்கொண்டே மின்சாரம் சரியில்லை என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். விசித்திரம் என்னவென்றால், நான் அங்கே இருக்கும்வரை அது ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து, மழைக்கு ஒதுங்கி இருந்தாலும் ஓடும். நான் படலையைத் தாண்டினால் போச்சு. கடைசியில் ஐயாவைத்தான் சந்தேகப்பட்டேன். மேசைக்குக் கீழே பிளக் இருந்தது. மனிசன் காலால் தட்டிவிடுகிறாரோ?

ஒருநாள் அன்ரி கடைக்கே வந்துவிட்டார். விரித்த குடையை மடிக்கவும் மறந்து வாசலில் நின்று அழுதார். குகன் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான்: "அப்பாவுக்கு விருப்பமில்லையெண்டால் விடுங்கோ அம்மா. என்ரை முகத்தைக் கண்டவுடனை நிப்பாட்டுறதைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. இந்த ஞாயிறோடை காணும், இனி வேண்டாம்." ஐயாவைக் கேட்டால், தான் எங்கே நிப்பாட்டினது, தன்னைக் கண்டவுடனே அவனெல்லோ நிப்பாட்டுகிறான் என்று அவரும் மனமுடைந்துபோய் இருக்கிறாராம். நான் பொருத்திய கணினி இரண்டு பேரையும் இன்னும் தூரமாக்கிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானமே போய் இறங்கினேன். அன்ரி கிணற்றடியில் நின்றார். தங்கச்சி கதவைத் திறந்துவிட்டாள். அறைக்குள் கணினிப் பெட்டி சட்டை போட்டுக்கொண்டு இருந்தது! யன்னல் சீலை தைத்த இளநீலப் பூத்துணியின் மிச்சம். கீழே சுருக்கு, ஓரத்தில் லேஸ், கணினியைப் போடுகிற பொத்தானுக்கு மட்டும் அழகாக நூல் சுற்றித் தைத்த ஒரு ஓட்டை. மற்றப்படி முன்னும் பின்னும் எல்லாம் மூடி. காலையிலிருந்து தங்கச்சி ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். துணிக்கு மேலே கையை வைத்தேன், சுட்டது. படத்துக்குத் தாங்குகிற பெட்டி, முகம் பார்த்துக் கதைக்கிற வேலையும் சேர்ந்து அன்ரியும் தங்கச்சியும் முடிக்கிற நேரத்தில் சூடு மிஞ்சி அணைந்திருக்கிறது.

ஈரக் கையோடு ஓடிவந்த அன்ரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "புழுதி படக்கூடாதெண்டு நீதானே பிள்ளை சொன்னனீ. நீ வரேக்கை கழட்டி ஒளிச்சு வைக்கிறனான், ஊத்தையாக் கிடக்கெல்லே." ஆள் வந்தால் நல்ல விரிப்பு விரிக்கிற வீடு அது. நானும் அவர்களுக்கு ஆள்தான். ஒவ்வொரு முறையும் என் வரவுக்காக நோயை மறைத்துவைத்துவிட்டு, நான் போனதும் எடுத்துப் போர்த்தியிருக்கிறார்கள். சிரிப்பும் வந்தது, என் பாட்டை நினைக்கத் தலையில் குட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

பின்னேரம், பெட்டியின் பக்கத் தகட்டையும் கழற்றி, மேசைக் காற்றாடியை அதற்கு நேரே வைத்தேன். குடல் தெரியக் கிடக்கிறதே என்று அன்ரி முணுமுணுத்தார். முதல் ஆளாக இருந்து கதைக்கும்படி ஐயாவைக் கெஞ்சிப் பார்த்தேன். அதுகள் கதைக்கட்டும் என்றுவிட்டுச் சீலைக்குப் பின்னால் போய்விட்டார். அன்ரி கதைத்தார், தங்கச்சி கதைத்தாள். யன்னலால் விழுந்த வெயில் சுவரில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. காற்றாடியின் இரைச்சலில் எனக்குக் கனவில் இருப்பதுபோலக் கிடந்தது.

ஐயா வந்து இருந்தார். கணினி நிற்கவில்லை. இரண்டு பேரும் அது நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றிருந்தால் தப்பியிருப்பார்கள். இணைய வேகம் குறைந்து குகனின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து மறுபடி சேர்ந்தது.

"எனக்கேன் சொல்லேல்லை?" என்றார் ஐயா.

"சொன்னால் விட்டிருக்கமாட்டியள் அப்பா."

ஐயா கதிரையை முன்னுக்கு இழுத்தார். "விட்டிருக்கமாட்டன்தான்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் பஸ் ஏத்திவிட வந்திருப்பன்."

நான் பெட்டிக்குள் எதையோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது குகன் யன்னலைத் திறந்து பனியைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த மண்ணில் என்ன விளையும் என்று ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். இருட்டும் வரைக்கும் கதைத்தார்கள்.

இப்போது அந்தக் கடை இல்லை, ஒழுங்கையில் அந்த இடத்தில் ஒரு நகைக்கடை. வெளிநாட்டுப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் குடும்பமாக முறை வைத்துக் காத்திருப்பதும் இல்லை. பஸ்ஸுக்குள் நின்றுகொண்டும் கறிக்கு அரிந்துகொண்டும் போனிலேயே பார்க்கிறார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஐயா கையில் ஒரு போன் வைத்திருக்காமலே காலமாகிவிட்டார். செத்தவீட்டுக்கு வந்த குகன் அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். அந்த ஞாயிறு கதைத்தது இதற்குள் எங்கேயும் பதிந்து கிடக்குமோ என்று கேட்டான். அதெல்லாம் பதியாது என்று தெரிந்தும் தேடிக் கொடுத்தேன். படங்கள் கொஞ்சம் இருந்தன. குரல் இல்லை.

"விட்டிருக்கமாட்டன்தான் எண்டதோடை சத்தம் கொஞ்சம் அறுந்துபோச்சு அக்கா. அதுக்குப் பிறகும் அப்பா என்னவோ சொன்னவர், வாய் அசைஞ்சது. திருப்பிக் கேக்க வெக்கமாக் கிடந்தது."

சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். குகன் கண்ணை மூடிக்கொண்டு, அப்பா சொன்ன மாதிரியே இன்னொருக்கால் சொல்லச் சொன்னான். ஐயாவின் குரலுக்கு நான் எங்கே போவேன்.