குப்புறக் கிடந்த சிவம் அண்ணை

போன கிழமை எங்கள் வில்லரேப் பகுதியில் ஒரு தெருவை மறித்து ஏதோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வோக்கிடோக்கியோடு நின்ற பெட்டை, கொஞ்சம் பொறுங்கள் என்று பிரெஞ்சில் சொல்லி என்னை மறித்தாள். டெப்பனருக்கு, அதுதான் மூலைக்கடைக்கு, பால் வாங்கப் போகிறவனுக்கு என்ன அவசரம், நின்றேன். டமார் என்று ஒரு வெடி. புகை. கருகிய வெடிமருந்து மணம். பக்கத்தில் நின்ற சனம் கைதட்டியது. நான் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். முந்தியென்றால் நிலத்தில் கிடந்திருப்பேன். இப்போதைய முழங்காலுக்குப் படுத்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும்.

அந்த மணம் பழைய கதையைக் கிளறிவிட்டது. உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, நான் ஒரு இந்திச் சண்டைப் படத்தில் நடித்தவன். சிரிக்காதீர்கள். மிச்சத்தையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அந்த நாளில் நானும் சிவம் அண்ணையும் டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்டின் குசினியில் கோப்பை கழுவினோம். அண்ணையின் மனைவியும் மகள் துளசியும் கொழும்பில் ஒரு லொட்ஜில், ஸ்பொன்சர் கடிதம் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். அண்ணை நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது துளசி இடுப்பில் இருந்த பிள்ளை. தகப்பனை அவளுக்குச் சுவரில் மாட்டிய போட்டோவாகத்தான் தெரியும். ஒருநாள் ரெலிபோனில் கேட்டாளாம், "அப்பா ஏன் அசையிறேல்லை?" அண்ணை அதைச் சொல்லிச் சொல்லியே என் காதைத் தின்றார்.

"ஒரு வீடியோ எடுத்து அனுப்பலாமே அண்ணை" என்றேன்.

"கமராவுக்கு முன்னால தனிய நிண்டு என்னடாப்பா செய்யிறது? அழுதுபோடுவன்."

அந்தச் சமயம் பார்த்து இந்தியாவிலிருந்து படக்குழு வந்து இறங்கியது. எங்கள் நகரம் ஐரோப்பாவில் இல்லாவிட்டாலும், பழைய துறைமுகப் பக்கத்துக் கல்லுத் தெருக்கள் அசல் ஐரோப்பா மாதிரியே இருக்கின்றனவாம். அங்கே ஒரு இந்தியச் சந்தை, அதில் வில்லன் குண்டு வைக்கிறான். ஐரோப்பாவின் நடுவில் கத்தரிக்காய்ச் சந்தை எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தைக்குச் சனம் தேவை என்று எங்கள் சனம் அதிகம் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி வீடியோ கசெட் கடையில் சொல்லிவிட்டிருந்தார்கள். அண்ணை முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். இந்திப் படத்தின் கசெட் கொழும்புக்கு எப்படியும் போகும், பிள்ளை தகப்பன் ஓடுவதைப் பார்ப்பாள். இதுதான் அவருடைய கணக்கு. குசினிக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில், முகம் தெரிகிறமாதிரி ஓடிப் பழகினார். குக் வெள்ளைக்காரன் பயந்தே போனான்.

படப்பிடிப்பு நாள் எலும்பை உறைய வைக்கும் குளிர். கதாநாயகிக்குத் துணி குறைவு, எங்களுக்குக் கூடுதல். வேட்டி சட்டைக்குள் இரண்டிரண்டு சுவெட்டர் போட்டிருந்தோம். அகதிச் சனம் இவ்வளவு செழிப்பாய் வேறெந்தப் படத்திலும் இருந்திருக்காது.

குண்டு வெடித்தால் எல்லோரும் கமராவைப் பார்த்து ஓடவேண்டும். வெடித்தது. புகை விலகிப் பார்த்தால், நிற்பது கதாநாயகன் மட்டும். நாங்கள் அவ்வளவு பேரும் குப்புறப் படுத்திருக்கிறோம்.

டைரக்டர் இந்தியில் கத்தின கத்தில் புறாக்கள் எல்லாம் பறந்தன. கமராவுக்கு உதவி செய்ய வந்திருந்த சென்னைப் பையன் ஓடி வந்தான். "என்ன சார், எல்லாரும் படுத்துக்கிட்டீங்க? ஓடணும் சார்!"

"தம்பி, வெடிச்சாப் படுக்கோணும். ஓடுறவன்தான் சாவான்" என்றார் அண்ணை, மண்ணைத் தட்டிக்கொண்டே. பையன் இதை எப்படி இந்தியில் சொல்லுவது என்று தெரியாமல் முழித்தான்.

திரும்பவும் வெடித்தார்கள். திரும்பவும் படுத்தோம். பேந்து அண்ணைக்கே தன்மேல் கோபம் வந்துவிட்டது. "இந்தமுறை சத்தியமாப் படுக்கமாட்டன்ரா. பிள்ளை பாக்கப்போறாள்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வெடித்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். மனம் கமராவுக்கு ஓடத்தான் நினைத்தது. உடம்பு கேட்கவில்லை, பாவம். வெளிச்சமும் போகத் தொடங்கியது. சரி, செத்தமாதிரியே கிடவுங்கள் என்று டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

படம் இங்கே ஓடியபோது எங்கள் சனம் ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாகத் தியேட்டரை நிறைத்தது. கதாநாயகனை யார் பார்த்தார்கள்? சந்தை வந்ததும் ஒரே விசில். புகை விலகுகிறது, எல்லோரும் கிடக்கிறோம். அண்ணையின் முகம் தெரியவில்லை, பின்மண்டைதான் தெரிந்தது. அவருடைய கைக்குக் கீழே நான் கிடந்தேன். என் ஒரு சப்பாத்து மட்டும் படத்தில் வடிவாக விழுந்திருந்தது. எனது கலையுலக வாழ்க்கை அவ்வளவுதான். "அண்ணை, உங்கட மொட்டை நல்லா நடிக்குது!" என்று யாரோ பின்வரிசையிலிருந்து கத்த, தியேட்டரே சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. படம் முடியுமுன் எழும்பிப் போய்விட்டார்.

படம் படுத்துவிட்டது. "கதை குப்பை, ஆனால் சனம் நல்லாச் செத்திருக்கு" என்றார் கசெட் கடைக்காரர்.

கொஞ்சநாள் கழித்து, கோப்பை கழுவும்போது அண்ணை மெல்லச் சொன்னார். கொழும்பில் கசெட் பார்த்தார்களாம்.

"மனுசி கண்டுபிடிச்சிட்டுது."

"மொட்டையை வைச்சோ?"

"இல்லையடா. நான் உன்ர தலைக்கு மேல கை போட்டுக் கிடந்தனான்தானே. ஊரில ஷெல் அடிக்கேக்க பங்கருக்குள்ள பிள்ளைக்கு மேல அப்பிடித்தான் போட்டுக் கிடக்கிறனான்." அண்ணை பைப்பை மூடாமல் நின்றார். "பிள்ளை திருப்பித் திருப்பிப் போடச் சொன்னதாம். கடைசியில தாயைக் கேட்டதாம், அப்பா எப்ப எழும்புவார் எண்டு."

எனக்குக் கண் முட்டிவிட்டது. வெங்காயம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. வெங்காயம் வெட்டுகிற பதவிக்கு நாங்கள் இன்னும் உயரவில்லை.

இதெல்லாம் நினைவுக்கு வந்த கையோடு, ஞாயிற்றுக்கிழமை மெத்ரோ எடுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய்க்குப் போனேன். அண்ணை இப்போது துளசி வீட்டில் இருக்கிறார். அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். படத்தை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துக் கொண்டுபோயிருந்தேன். போட்டுப் பார்த்தால் சந்தைக் காட்சியே இல்லை, வெட்டிவிட்டார்கள். தியேட்டர் இருந்த இடத்தில் அப்பார்ட்மென்ட். கசெட் கடையில் இப்போது போன் திருத்துகிறார்கள். சாட்சிக்கு நான் ஒருவன்தான் மிச்சம் என்று, முழுக் கதையையும் துளசிக்குச் சொன்னேன்.

அவள் ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அப்பிடிக் கேட்டனானோ? எனக்கு ஒண்டுமே ஞாபகமில்லை அங்கிள். அப்பா எப்பவும் எங்களோடதானே இருந்தவர்?"

இந்த மனுசன் அந்த வருசங்களை எப்படிக் கடந்தார் என்று எனக்கல்லவா தெரியும். மனம் நோகப்போகிறாரே என்று அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி என் கையைப் பிடித்தார்.

"கேட்டியோடா? எப்பவும் இருந்தனானாம்."