மகாராணியின் பதிவு எண்

நிலத்துக்குள் நுழைந்ததும் மகாராணி முதலில் செருப்பைக் கழற்றுவார். குதிகாலால் மண்ணை இரண்டு மிதி மிதித்துப் பார்ப்பார். பிறகு வேலியோரமாக எட்டு வைத்து நடக்க ஆரம்பிப்பார். அவருடைய எட்டு ஒன்றுக்கு இரண்டரை அடி. ஒருமுறை சர்வேயர் டேப்பு பிடித்து அளந்து பார்த்துவிட்டு, மொத்தத்தில் ஒரு சாண்தான் கூடவோ குறையவோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். நிலம் வாங்க வந்தவர்கள் அதுவரை பள்ளத்தாக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு சுற்று சுற்றி வந்து மகாராணி வாயைத் திறந்தால், முதலில் வருவது அந்த நிலத்தின் குறைதான்.

"இந்தா, இந்த மேக்கால மூலை மழைக்குச் சரியும். அந்தத் தடம் தெரியுதுங்களா, காட்டுமாடு எறங்குற தடம். வேலி போட்டாலும் நிக்காது. இப்ப தண்ணி ஓடிக்கிட்டுத்தான் கெடக்கு. மே மாசம் ஒருக்கா வந்து பாருங்க. பாத்துட்டுப் பெறகு அட்வான்சு குடுங்க."

கொடைக்கானலில் நிலம் காட்டும் மற்றவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர்கள் தொழில் செய்யும் விதமே வேறு. மேகம் இறங்குவதற்கு முன்னால், காலை பத்து மணிக்குள் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தி, வெயிலில் மின்னும் மலையைக் காட்டி, சூடு ஆறுவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். மகாராணியோ பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கூட்டிப்போவார். மூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது. கால்விரல் இடுக்கில் அட்டைப்பூச்சி ஏறும். அதற்கென்றே இடுப்பில் ஒரு சுருக்குப்பையில் உப்பு வைத்திருப்பார். பூச்சி ஏறியவரிடம் ஒரு சிட்டிகை கொடுத்து, இதுவும் இந்த இடத்தோடு சேர்த்திதான் என்று சொல்லிவிடுவார். பாதிப்பேர் அன்றைக்கே மலையிறங்கிவிடுவார்கள். மீதிப்பேர் வாங்குவார்கள். அப்படி வாங்கியவர்கள் யாரும் இதுவரை அவரைத் திட்டிப் போன் செய்ததில்லை.

வயது நாற்பத்தாறு. சேலைக்கு மேலே ஆம்பிளை ஸ்வெட்டர், தலையில் கம்பளி மப்ளர், தோளில் கறிகாய்ப் பை. பெயரில்தான் மகாராணி. சொந்தமென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. குடியிருக்கும் வீட்டுக்கும் பட்டா இல்லை. அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, இந்த மலையில் கூலி வேலைக்கு ஒதுங்கியவர்கள். தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அந்த வார்த்தை இன்னும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. "நாளைக்கு வெள்ளனே பெரட்டுக்குப் போவணும்" என்று மகாராணி சொன்னால், யாருக்கோ நிலம் காட்டப் போகிறார் என்று பொருள்.

காட்டியதெல்லாம் பதினேழு வருடமாக முத்துராஜுக்காக. முத்துராஜுக்கு மூஞ்சிக்கல்லில் ஆபீஸ் உண்டு, போர்டு உண்டு, சுழலும் நாற்காலி உண்டு. மழையில் நனைந்து நடப்பது மகாராணி. பத்திரம் பதிகிற அன்று பட்டு வேட்டியில் வந்து நிற்பது முத்துராஜ். வாங்குகிறவர்களிடம் மகாராணியைக் காட்டி, நம்ம ஸ்டாஃபு என்பார். மோசமான மனிதரில்லை. தீபாவளிக்குச் சேலையும் ஸ்வீட்டும் தவறாமல் வரும். ஆனால் எந்தக் காகிதத்திலும் மகாராணியின் பெயர் வராது.

அப்ரூவல் வாங்கிய மனைகளை, அரசில் பதிவு பெற்ற முகவர்கள்தான் விற்கலாம் என்ற விதி மலைக்கும் வந்து சேர்ந்தது. காகிதத்தில் அதற்குப் பதிவு என்று பெயர். ஊர் வழக்கில் லைசன்சு. முத்துராஜ் வாங்கிவிட்டார். தன் நம்பருக்குக் கீழேயே இருந்துகொள்ளலாம், எதற்கு வீண் அலைச்சல் என்றார். மகாராணிக்கு மனசு ஒப்பவில்லை. காலால் அளந்த நிலம் எத்தனையோ கை மாறிவிட்டது. ஒன்றிலாவது தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசை பிடித்துவிட்டது. ஆசைப்பட்டவர் சும்மா இருக்கவில்லை. வத்தலக்குண்டுக்குப் போய் முந்நூறு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்துவிட்டார். பெயர், போன் நம்பர், ரியல் எஸ்டேட் முகவர், கடைசி வரியில் 'பதிவு எண்:' என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் வெற்றிடம்.

அச்சகத்துக்காரர் இது என்ன காலியாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். "அது வரும். நீங்க எடத்த மட்டும் விடுங்க" என்று பதில் கிடைத்தது.

இடம் விட்டு இரண்டு வருடம் ஆனது. முந்நூறில் ஒன்றைக்கூட அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. நம்பர் இல்லாத கார்டை நீட்டுவது பொய் சொல்வதற்குச் சமம் என்பது அவர் கட்சி. பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பையின் அடியிலேயே வைத்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பாலகுமாரிடம்தான் முதலில் கேட்டார், லைசன்சு எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மாதம் போல ஆகும் என்றான் அவன். அந்த 'எல்லாம் சரியாக இருந்தால்' என்பதற்கே ஏழு மாதம் பிடித்தது. பான் கார்டு, வருமான வரிக் காகிதம், போட்டோ எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஆபீஸ் முகவரிக்குச் சான்று கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டார். ஊரில் உள்ள பட்டாவையெல்லாம் வரி வரியாகப் படித்துச் சொல்லும் பெண்ணுக்கு, காட்ட ஒரு பட்டா இல்லை. கடைசியில் மூடிக்கிடந்த ஒரு கம்பளிக் கடையின் முன்பாதியை வாடகைக்குப் பிடித்து, ஒப்பந்தம் எழுதி, அதை முகவரியாக்கினார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கொடியில் இன்னும் விற்காத நாலு குழந்தைக் குல்லாய்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வந்தது. உங்கள் தொழில் தொடர்பாக வழக்கோ தகராறோ உண்டா என்று கேள்வி. பாலகுமார் கேட்காமலே 'இல்லை' என்று தட்டப் போனான். மகாராணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எல்லாரும் இல்லைன்னுதான்க்கா போடுவாங்க" என்றான்.

"எல்லாருக்கும் இல்லாம இருக்கும். எனக்கு இருக்கே."

அவர் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். பெருமாள்மலையில் காட்டிய வீட்டில் முதல் மழைக்கே ஓடு ஒழுகியது. பண்ணைக்காட்டில் எல்லையில் நின்ற பலாமரம் யாருக்கு என்று இரண்டு குடும்பம் சட்டையைப் பிடித்துக்கொண்டது. கவுஞ்சியில் பாதைச் சண்டை ஸ்டேஷன் வரை போய்ச் சமாதானமானது. நாலாவது, கிளாவரையில் பெரியண்ணன் என்பவர் வாங்கிய நிலம். இரண்டு பக்கம் ஆனது. நிலத்துக்குக் குறை சொல்லிப் பழகிய வாய், தனக்கென்று வந்தபோதும் அடங்கவில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் இணைத்து அனுப்பிவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

பத்தொன்பதாம் நாள் சென்னை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்டிருக்கும் நான்கு தகராறுகளிலும் வழக்கு ஏதும் இல்லை என்று சம்பந்தப்பட்டவர்களிடம் எழுதி வாங்கி முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் மனு முடித்துவைக்கப்படும்.

முத்துராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நெலத்துக்குத்தான் குறை சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. இப்ப ஒனக்கேவா?"

முதல் மூன்று கடிதமும் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டன. ஓடு ஒழுகிய வீட்டுக்காரர் காபி கொடுத்தார். பலாமரத்துக் குடும்பங்கள் இதற்குள் சம்பந்தியாகியிருந்தன. நாலாவதுக்குத்தான் கால் நகரவில்லை. பெரியண்ணன் அவரிடம் பேசி ஆறு வருடமாகிறது. பஸ்ஸில் பார்த்தால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார்.

நடந்தது இதுதான். பெரியண்ணன் அந்த ஒன்றரை ஏக்கரைப் பார்த்தது ஒரு நவம்பர் மாதத்தில். நடுவில் ஊற்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. மே வரை பொறுங்கள் என்று மகாராணி சொன்னார். வேறொருவர் கேட்கிறார் என்று பெரியண்ணன் அவசரப்பட்டார். சொன்னது ஒருமுறைதான், அதற்கு மேல் அழுத்தாமல் மகாராணியும் பத்திரத்துக்குக் கூடப் போய்விட்டார். இரண்டாவது கோடையில் ஊற்று வற்றியது. போட்ட மலைப்பூண்டு முழுக்கக் காய்ந்தது. 'மே மாசம் வந்து பாருங்க' என்பதை மகாராணி மூச்சுக்கு மூச்சு சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பூண்டுக் காட்டை நினைத்தால் அவருக்கு இன்னும் சோறு இறங்காது.

சென்னைக் கடிதம் வந்த இருபத்தாறாம் நாள் கிளாவரை பஸ் ஏறினார். இனியும் தள்ளிப்போட்டால் இரண்டு வருடம் காத்த வெற்றிடம் வெற்றிடமாகவே நின்றுவிடும். பூம்பாறை தாண்டும்போது திரும்பிவிடலாமா என்று தோன்றியது. கவுஞ்சியில் மறுபடியும் தோன்றியது. இறங்கி நடந்தபோது பெரியண்ணன் அந்த நிலத்தில்தான் இருந்தார். பூண்டு போட்ட இடத்தில் இப்போது பேரி மரங்கள் நின்றன. கீழே விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர், வேலிக்கு வெளியே நின்றவரைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

மகாராணி வந்த காரியத்தை வேலிக்கு வெளியே நின்றபடியே சொன்னார். சென்னைக் கடிதத்தையும் நீட்டினார். அவர் நிதானமாகப் படித்தார்.

"ஆறு வருசமா ஒங்கூடப் பேசல. கோர்ட்டுக்கு நான் எங்க போனேன்?"

"போகலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கண்ணே."

"இந்தத் தகராற ஆபீசுக்கு யாரு சொன்னா?"

"நாந்தாண்ணே. தகராறு உண்டான்னு கேட்டிருந்துச்சு."

பெரியண்ணன் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பேனா கேட்டார். பழப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் வைத்து நெடுநேரம் எழுதினார். மடித்துக் கொடுத்துவிட்டு, நம்பர் வந்தால் என்ன செய்வாய் என்று விசாரித்தார். மகாராணி பையைத் திறந்து வெற்றிடம் விட்ட கார்டைக் காட்டினார்.

"எந் தம்பி கீழ்க்காட்ட விக்கணுங்கறான்" என்றார் பெரியண்ணன். "நம்பரு வந்ததும் மொதக் கார்டு எங்கிட்ட வரணும். சரியா?"

சரிங்கண்ணே என்றார் மகாராணி. நாலு பேரிக்காயை அவர் பையில் போட்டுவிட்டுப் பெரியண்ணன் தன் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்.

கடிதத்தை பஸ்ஸில்தான் பிரித்தார். வழக்கு இல்லை என்று முதல் வரி. அதற்குக் கீழே, 'மே மாதம் தண்ணீர் பார்த்துவிட்டு வாங்கச் சொன்னது இந்த அம்மாதான். கேட்காதது நான்' என்று இருந்தது. அதை மூன்று முறை படித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மன்னவனூர் பிரிவு வரும்வரை அழுதார். பக்கத்து சீட்டுக்காரம்மா துக்க வீட்டுக்கா என்று கேட்டார். இல்லைங்க, நல்ல சேதி என்றார் மகாராணி.

மூன்று வாரம் கழித்து, கோயம்புத்தூரிலிருந்து வந்த சௌம்யாவுக்கும் அவர் கணவருக்கும் கவுஞ்சிப் பக்கம் ஒரு அப்ரூவல் மனை காட்டிக்கொண்டிருந்தார். முத்துராஜின் நம்பரில் வந்த மனைதான். மணி மூன்றரை. மூட்டம் வழக்கம்போல இறங்கியிருந்தது. உப்பு கொடுத்தாகிவிட்டது, காட்டுமாட்டுத் தடம் சொல்லியாகிவிட்டது, மே மாதமும் சொல்லியாகிவிட்டது. கடைசிக் குறை பாக்கி இருந்தது. "போன் டவரு இங்க சுத்தமா இல்லைங்க. அந்தப் பாறை மேல ஏறுனாத்தான் ரெண்டு புள்ளி வரும்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் நம்புவதற்காகத் தானே ஏறிக் காட்டினார்.

ஏறி நின்றதும் போன் கிணுகிணுத்தது. பாலகுமார் காலையிலேயே அனுப்பியிருந்த செய்தி. 'அக்கா, வந்துருச்சு' என்று ஒரு வரி. அடுத்த வரியில் நம்பர்.

மகாராணி பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே நின்ற இருவரும் என்னவோ ஏதோ என்று பதறினார்கள். லைசன்சு வந்துவிட்டது என்று சொன்னார். சௌம்யா கைதட்டினார். அவர் கணவர் கைகொடுத்துவிட்டு, தான்கூடப் பார்ட் டைமாக எடுக்கலாமென்று பார்ப்பதாகவும், எவ்வளவு நாள் ஆகும் என்றும் கேட்டார்.

"ஒரு மாசங்கறாங்க. எனக்குக் கொஞ்சம் கூடப் புடிச்சிருச்சு" என்றார்.

பையின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். மேலே இருந்த கார்டை உருவி, முழங்காலில் வைத்து, போனைப் பார்த்துப் பார்த்து வெற்றிடத்தில் நம்பரை எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தார். மை காய வாயால் ஊதினார். சௌம்யா ஆசையோடு கையை நீட்டினார்.

மகாராணி அந்தக் கார்டை நீட்டிய கையில் வைக்கவில்லை. முந்தானையில் ஒருமுறை ஒற்றி, ஸ்வெட்டருக்குள் ஜாக்கெட்டில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இது கிளாவரைக்கு" என்றார். இரண்டாவது கார்டை உருவி முழங்காலில் வைத்துக்கொண்டு, நம்பரை முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.