வெள்ளைக் கோட்டில் நடந்தவர்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி வெயிலில், கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையை விட்டு நெய்யாற்றின்கரைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சிமெண்ட் கல் அறுக்கும் இடத்தில் மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, டிரைவிங் லைசன்ஸ். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு உருப்படியாகக் கிடைத்த ஒரே காகிதம் அந்த லைசன்ஸ்தான். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. போய்ச் சேர இடம் இல்லாதவனுக்கு பஸ் எதற்கு என்று நடந்தேன்.

ஒரு வளைவில் போலீஸ் செக்கிங். வாழைக்குலை ஏற்றிய நீல நிற டெம்போவை ஓரங்கட்டியிருந்தார்கள். அதன் பக்கக் கண்ணாடி உடைந்து கயிற்றில் கட்டியிருந்தது. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். வாயுத் தொல்லைக்கு ஒரு மூடி அரிஷ்டம் குடித்தேன், அந்த வாடைதான் இது என்று சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் சிரித்தார்.

"உனக்க அரிஷ்டம் என்னதுன்னு எனக்குத் தெரியும். ஊதுற மெஷின்ல சார்ஜ் இல்ல. இந்த வெள்ளக் கோட்டுல நட, பாக்கட்டு."

"நடக்க வச்சுப் பாக்க எங்க சட்டம் இருக்கு சாரே? மெஷின் இல்லேன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ரத்தம் எடுத்துப் பாக்கட்டும். அதாக்கும் சட்டம்."

"ஓ, வக்கீல் சாராக்கும்! நடடா."

அவர் நடந்தார். பத்து அடிகூட நேராக வரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இடது பக்கம் சரிந்து சரிந்து நிமிர்ந்தது. நானும் நின்று வேடிக்கை பார்த்தேன்.

"எலே பைக்காரா, இஞ்ச வா. நீ கண்டேல்லா? ஆடினானா இல்லியா?"

ஆடினார் என்றேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். உடனே ஒரு காகிதத்தை நீட்டி, சாட்சிக்கு ஒப்புப் போடு என்றார் போலீஸ்காரர். முழுக்க மலையாளம்.

டிரைவர் என் பக்கம் திரும்பினார். "மக்கா, வாயிச்சுப் பாத்துட்டு ஒப்புப் போடு. சத்தமா வாயி. ரத்தம் பாக்கணும்னு நான் கேட்டது அதுல உண்டான்னு பாரு."

எனக்கு மலையாளம் தண்ணீர் மாதிரி பேச வரும். எழுத்து தெரியாது. படித்த ஏழு வகுப்பும் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்ப் பள்ளியில். பதினைந்து வருடமாக இங்கே வேலை செய்துவிட்டு வாசிக்கத் தெரியாது என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? போலீஸ்காரரின் கண் வேறு என் பையின் மேலேயே இருந்தது. வாசிப்பவனைப்போல வரி வரியாகக் கண்ணை ஓட்டினேன். பிறகு தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

"நல்லா இரு மக்கா," என்றார் அவர்.

அவர் குடித்திருந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நெய்யாற்றின்கரை சந்தையில் டீ குடிக்கும்போது, வாழைக்குலை வியாபாரி ஒருவருக்கு டிரைவர் வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். தேடிப் போனேன். முற்றத்தில் நீல டெம்போ நின்றது. கண்ணாடியில் அதே கயிறு.

என் லைசன்ஸைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே முதலாளி சொன்னார்: "நம்ம டிரைவர நேத்து பிடிச்சு, லைசன்ஸையும் வாங்கி வச்சிட்டானுவ. ஊதவும் விடல்ல, ரத்தமும் பாக்கல்ல. இந்தக் கேஸு கோர்ட்டுல நிக்காதாக்கும். ஆனா அது தீருறது வரைக்கும் அவனுக்க வீட்டுல அடுப்பு எரியண்டாமா? எவனோ ஒரு மடையன் தமிழில ஒப்பும் போட்டுக் குடுத்திருக்கான்."

சாவிக்குக் கையை நீட்டினேன்.

ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தால், பெடலின் மேல் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு மரக்கட்டை. டியூப் ரப்பரைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அது அவன் கெட்டினது," என்றார் முதலாளி. "தென்னையில இருந்து விழுந்ததுல இடது காலு குட்டையாயிப் போச்சு. வெளிய சொல்லிராத. ஆர்.டி.ஓ. ஆபீசுல அறிஞ்சா அவனுக்க லைசன்ஸு ஒரேயடியாப் போயிரும்."

காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ரத்தம் பாருங்கள், ரத்தம் பாருங்கள் என்றே அவர் ஏன் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என் கால்கள் இரண்டும் ஒரே அளவு. கட்டை இருந்தால் ஓட்ட முடியாது. கம்பியை முறுக்கி அவிழ்த்தேன், கட்டையை சீட்டுக்கு அடியில் வைத்தேன், வண்டியை எடுத்தேன். அந்த வேலையில் எட்டு மாதம் இருந்தேன். பொய் சொல்லித்தான் ஒருவன் வயிற்றில் அடிக்க முடியும் என்று அந்தக் காலை வரைக்கும் நினைத்திருந்தேன்.